‘பஸ்’ சொன்ன பிறகு

ஆம்பூர் பஜாரில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலத்தில், வெள்ளிக்கிழமை மதியம் என்றால் கடை நிறையச் சண்டைதான். அன்றைக்கு அரபு நாடுகளில் லீவு. புருஷன் அங்கே, பெண்டாட்டி இங்கே, நடுவில் என் கடை இன்டர்நெட்டும் மைக்கும். இங்கே கேட்ட கேள்விக்கு அங்கிருந்து பதில் வந்து சேர மூன்று நான்கு நொடி ஆகும். அதுவரை யாருக்குப் பொறுமை? "இன்னா, பதிலே காணோம்? பக்கத்துல யாரு?" என்பார்கள். அந்தக் கேள்வியும் வந்துகொண்டிருந்த பதிலும் மோதி இரண்டுமே விளங்காமல் போகும்.

வேலூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர் ஆள், லைனையே மாற்றினால்தான் சரியாகும் என்றார். லைன் விற்பவரும் அவரேதான். நான் நம்பவில்லை. பொதுவாகவே யாரையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை நான்.

வழி கிடைத்தது மகனோடு பேச வரும் ஒரு அம்மாவிடம். உருது பேசுகிற குடும்பம். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் "பஸ்" என்பார், போதும் என்ற அர்த்தத்தில். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். மகனும் அப்படியே. என் கடையில் சண்டை வராதது அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான்.

அதைப் பிடித்துக்கொண்டேன். ‘பேசி முடித்ததும் பஸ் சொல்லவும். நாலு எண்ணும்வரை பொறுக்கவும். சந்தேகம் வேண்டாம்’ என்று நோட்டீஸ் அடித்தேன். மாதனூரில் ஷூ கம்பெனி வண்டிக்காக நிற்கும் பெண்களிடம் கொடுத்தபோது, "எந்த பஸ்ஸுண்ணா, ஒடுகத்தூர் போவுமா?" என்று கிண்டல் செய்தார்கள். சர்ச்சில் பெண்கள் கூட்டத்தில் இரண்டு நாற்காலி போட்டு நடித்தே காட்டினேன். மற்ற சென்டர்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்கள் சுவரிலும் அதே நோட்டீஸ், என் கடைப் பெயரை மட்டும் கிழித்துவிட்டு. தாமதம் ஒரு நொடிகூடக் குறையவில்லை, ஆனால் சண்டை குறைந்தது.

என் மனைவியும் அரபு நாட்டில்தான் நர்ஸாக இருந்தாள். காண்டிராக்ட் முடியப்போகிற நேரம். வீட்டுக்கு வருவாளா, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவாளா என்பதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது. மெயிலில் அவளுக்கும் ‘பஸ்’ சொல்லிக்கொடுத்திருந்தேன்.

வம்பு அங்கேதான் தொடங்கியது. தாமதம் எவ்வளவு என்பது இப்போது எனக்குத் தெரியும். நாலுக்குமேல் நீளும் மௌனம் லைனுடையது இல்லை, அவளுடையது. சாப்பாடு, டியூட்டி பற்றிக் கேட்டால் எண்ணவே தோன்றாது, பதில் வந்துவிடும். "எப்போ வர்ற?" என்றால் ஏழு, எட்டு என்று போகும். ஒவ்வொரு வெள்ளியும் எண்ணினேன். சந்தேகம் வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்தவன் நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பத்துவரை எண்ணிவிட்டேன்.

"இன்னா அவ்ளோ யோசிக்கிற? வர இஷ்டம் இல்லன்னா சொல்லிடு. பஸ்."

நாலாவது நொடியில் பதில் வந்தது.

"கேள்வியக் கேட்டுட்டு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுறீங்க. மைக்கு வாய்கிட்டயே இருக்கு, எல்லாம் எனக்குக் கேக்குது. நீங்க எண்ணி முடிக்கட்டும்னுதான் வாரா வாரம் சும்மா இருக்கேன். பஸ்."

மைக்கைக் கையால் மூடிக்கொண்டேன். நாலு நொடி போனது, அதற்குமேலும் போனது. கடைசியில் அவளே பேசினாள்.

"அடுத்த மாசத்துக்கு டிக்கெட் சொல்லி வெச்சிருந்தேன். போன வாரம் நீங்க எண்ணினதக் கேட்டப்புறம் வேணாம்னுட்டேன். காண்டிராக்ட்ல கையெழுத்து போட்டாச்சு. பஸ்."

இந்த முறை அவள் அந்த வார்த்தையை அந்த உருது அம்மா வீட்டு அர்த்தத்தில்தான் சொன்னாள்.