மோட்டார் அடித்த கெட்டிமேளம்

கோயிலுக்கு மின்சார மேளம் பொருத்தப் போகிறவனுக்குச் சாமியின் அருள் கிடைக்கலாம். மேளக்காரர்களிடம் நல்ல முகம் கிடைக்காது. எண்பதுகளில், அஸ்தம்பட்டியில் ஒரு மோட்டார் பட்டறையில் எனக்கு அதுதான் வேலை. சுவிட்சைப் போட்டால் முரசு, மணி, ஜால்ரா மூன்றையும் ஒரே மோட்டார் அடிக்கும். பழுதுபார்த்துப் பிழைக்கிற சகாக்களே, வாங்குவது ஒருவர், ஓட்டுவது ஒருவர், திட்டு மட்டும் நமக்கு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

புது ஆள்

நாமக்கல் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில். தவில்காரர் அர்த்தநாரிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அவர் இடத்துக்கு ஊரார் மெஷின் வாங்கினார்கள். நாதஸ்வரம் வாசிப்பவர் செல்லமுத்து, அர்த்தநாரியின் மனைவிக்குத் தம்பி. நான் மாட்டி முடிக்கும்வரை வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏனுங்க, நான் தப்பா வாசிச்சா இது மொறைச்சுப் பாக்குமுங்களா? எங்க மாமன் பாப்பாருங்க."

பம்ப் செட் தாளம்

சில வாரங்களிலேயே புகார் வந்தது. சாயங்காலப் பூசையில் மேளம் இழுக்கிறதாம். போய்ப் பார்த்தேன், மோட்டாரில் குறையில்லை. அந்த நேரத்தில் சுற்றுத் தோட்டங்களில் எல்லோரும் பம்ப் செட்டைப் போட, வோல்டேஜ் இறங்கியது. மேளம் தளரத் தளர, செல்லமுத்துவும் கூடவே தளர்ந்து வாசித்து, மூச்சு முட்டி நிறுத்திவிட்டார்.

தூணோரம் உட்கார்ந்திருந்த அர்த்தநாரி, இடது கையால் தொடையைத் தட்டிச் சிரித்தார். "வெங்காயத்துக்குத் தண்ணி பாஞ்சு முடியட்டும் மாப்ள, அப்புறம் வேகமா வாசிச்சுக்கலாம்."

நிபந்தனை

அர்த்தநாரியின் ஒரே மகளுக்கு அதே கோயிலில் கல்யாணம் நிச்சயமானது. மகள் கழுத்தில் தாலி ஏறும்போது கெட்டிமேளம் தானே கொட்டுவதாக, அவள் சிறுமியாக இருந்த நாளிலிருந்து சொல்லிவந்தவர். வாழப்பாடியிலிருந்து வேறு தவில்காரர் வரத் தயாராக இருந்தார். இவர் சம்மதிக்கவில்லை. பஸ் ஏறிப் பட்டறைக்கே வந்து, நீள ஒயரில் ஒரு சுவிட்ச் கேட்டார். அழுத்தியிருக்கும்வரை மேளம் அடிக்க வேண்டும், விட்டால் நிற்க வேண்டும்.

மெஷினோடு கல்யாணத்துக்கு வாசிப்பதில்லை என்று செல்லமுத்து ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அவர் சம்மதிப்பாரா என்று எனக்குப் பயம். போய்க் கேட்டேன். நாதஸ்வரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சுவிட்சு எங்க மாமன் கையில இருந்தா, அது மாமன் கொட்டுனதுதானுங்க. நான் வாரேன்."

நிற்காத மேளம்

முகூர்த்த நேரம். ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம்!" என்றார். மேடைக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்த அர்த்தநாரி இடது கட்டைவிரலை அழுத்தினார். முரசும் மணியும் அதிர, நாதஸ்வரம் மேலே ஏறியது. மூன்று முடிச்சும் விழுந்தது. அட்சதை தூவி முடிந்தது. மேளம் நிற்கவில்லை.

கன்னம் உப்பிய செல்லமுத்து வாசிப்பை விடாமல் என்னைப் பார்த்தார். ஐயர் காதைப் பொத்திக்கொண்டு, "சுவிட்சு மாட்டிக்கிச்சு போலிருக்கு, பாருங்கப்பா!" என்று கத்தினார். திருப்புளியோடு ஓடினேன். சுவிட்ச் மாட்டிக்கொள்ளவில்லை. அர்த்தநாரியின் விரல் அதன்மேல் அழுந்தியிருந்தது. தலை குனிந்து, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

குனிந்தேன். என் காதோரம் சொன்னார்: "தாலி ஏறையில அழுகைச் சத்தம் கேக்கக் கூடாதுங்க சாமி. கொஞ்சம் இருங்க, அழுது முடிச்சுக்கறேன்."

அத்தனை வருட சர்வீஸில், பழுதே இல்லாத ஒரு சுவிட்சை நான் அவ்வளவு நேரம் மும்முரமாகத் திருகிக்கொண்டிருந்தது அன்று மட்டும்தான்.