எரிகல்லை ஒருமையில் அழைத்தவள்

திரையில் யாராவது செத்தால் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் முதலில் கூப்பிடுவது அவளைத்தான். மகனை இழந்த தாய், விழப்போகும் விமானத்தில் இருபதாவது வரிசைப் பெண்மணி, ராட்சசன் மிதித்து நசுங்கிய கடையின் முதலாளியம்மா என்று வேற்றுமொழிப் படங்களில் வருகிற அத்தனை பேருக்கும் அவள் தமிழில் அழுதிருக்கிறாள். அதனால் பேரே அழுகை அக்கா என்று ஆகிவிட்டது. நேரில் பார்த்தால் அழுகைக்கும் அவளுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. வாய்விட்டுச் சிரிப்பாள். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்ல ஒருநாளும் தயங்கமாட்டாள்.

அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். ஜன்னலில்லாத சின்ன அறை, காதில் மாட்டிய ஹெட்போன், நாளுக்கு நானூறு அழைப்பு. படுக்கை காலியில்லை என்று அவள் சொன்னால்கூட எதிர்முனையில் இருப்பவர்கள் நன்றி சொல்லிவிட்டு வைப்பார்களாம். தன் அப்பாவின் ஸ்கேன் முடிவைக் கேட்கக் கூப்பிட்ட ஒலிப்பதிவாளர் ஒருவர் முடிவைக் கேட்டுக்கொண்டு, "அம்மா, நீங்க ஒரு தடவை எங்க கூடத்துக்கு வந்து ரெண்டு வரி பேச முடியுமா?" என்றார். அப்படித்தான் வந்து சேர்ந்தாள். ஒன்பது வருடம் கும்பலுக்குள் ஒரு குரலாகவே காலம் ஓடியது.

பத்தாவது வருடம் 'அவசர வாசல்' கிடைத்தது.

எரிகல் படங்களைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆகாயத்திலிருந்து எரிந்துகொண்டே வந்து இறங்கும் எரிகல் என்ற வீரன் ஒருவன், அவனுக்குக் கூட்டாளிகள் நாலைந்து பேர், ஒன்பது படம். எல்லாம் ஒரே உலகத்தில் நடப்பவை. இரண்டாம் படத்தில் இடிந்த பாலம் நாலாம் படத்திலும் இடிந்தே கிடக்கும். அந்தப் பாலத்துக்கடியில் சிக்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று படம் சொல்லவில்லை. தொலைக்காட்சிக்கென்று எடுத்த கிளைத்தொடர் சொன்னது. அதுதான் 'அவசர வாசல்'. வீரர்கள் மேலே சண்டை போட, கீழே அடிபட்டவர்கள் வந்து சேரும் ஆஸ்பத்திரியின் கதை. அதன் தலைமை நர்ஸுக்குத்தான் இவள் குரல். நாலு பருவம், நாற்பத்தெட்டு அத்தியாயம்.

நர்ஸின் தம்பி பஸ் டிரைவர். எரிகல் இடித்த பாலத்தில் செத்துப்போனவன். முதல் இரண்டு பருவமும் அவள் எரிகல்லின் பேரைக் கேட்டாலே பல்லைக் கடிப்பாள். மூன்றாம் பருவத்தில் இடது தோளில் இரும்புக் கம்பி ஏறி அவனே அவள் வாசலில் வந்து விழுகிறான். ராட்சச வேகத்தில் வந்த கம்பி ஏறும் அவன் தோலில் சாதாரண ஊசி இறங்காது. மயக்க மருந்தில்லாமல் அவள் கம்பியைப் பிடுங்குகிறாள். அதுவரை, "நீங்க பெரிய வீரர், உங்களுக்கு வலிக்கவா போகுது?" என்று விஷம் தோய்ந்த 'நீங்க'. கம்பி வெளியே வந்ததும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்து, "அழு. நீ அழுதா இங்க யாரும் பாக்க மாட்டாங்க" என்பாள். அந்த வரியைப் பேசிவிட்டு அழுகை அக்கா வெளியே வந்தபோது ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குப்பின் கடைசிவரை நர்ஸ் அவனுக்கு 'நீ'தான் போட்டாள்.

தொடர் நின்று மூன்று வருடம் கழித்துப் பத்தாம் படம் வந்தது. அதில் அந்த நர்ஸ் நாலு நிமிடம் வருகிறாள், அதே நடிகை. அழுகை அக்காவுக்கும் அழைப்பு வந்தது.

காலை பத்து மணிக்குப் போய் ஹெட்போனை மாட்டி, ஸ்டாண்டில் இருந்த தாளைப் பார்த்தாள். முதல் வரி: 'உக்காருங்க.' அடுத்தது: 'உங்களை யாருக்குத்தான் தெரியாது?'

"வசனகர்த்தா சார்" என்றாள். "இது யார் யார்கிட்ட பேசுறது?"

"உங்க நர்ஸ்தான், எரிகல்கிட்ட."

"அவ அவனை நீங்கன்னு சொல்லி எவ்வளவு நாளாச்சு! அந்த 'நீ'யை எழுதினதே நீங்கதானே?"

வசனகர்த்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எழுதினேன்மா. இப்ப அது நடக்கலையாம்."

"நடக்கலையாமா? நாற்பத்தெட்டு அத்தியாயம் தொண்டை கட்டக் கட்டப் பேசியிருக்கேன், யாரைக் கேட்டு நடக்கலைன்னாங்க?"

டப்பிங் இயக்குநர் உள்ளே வந்தார். எதற்கும் "சரி, அடுத்தது" என்று சொல்லி வேலையை நகர்த்துவதால் அவருக்கு அடுத்தது சார் என்று பெயர். படமெடுத்த கம்பெனி அனுப்பிய குறிப்பை அவரே படித்துக் காட்டினார். கிளைத்தொடரில் வந்த சம்பவங்கள் நடந்தவை என்றும் காட்டக்கூடாது, நடக்காதவை என்றும் காட்டக்கூடாது. ரசிகர்களில் பாதிப்பேர் தொடரும் கணக்கில் சேர்த்தி என்கிறார்கள், பாதிப்பேர் படம் மட்டும்தான் அசல் என்கிறார்கள். இரண்டு தரப்பையும் பகைத்துக்கொள்ள கம்பெனிக்கு விருப்பமில்லை.

"மூலத்துல பிரச்சினை இல்ல" என்றார் இயக்குநர். "அந்த மொழியில பெரியவர், சின்னவர், சண்டைக்காரன், சொந்தக்காரன் எல்லாருக்கும் ஒரே சொல்லு. மழுப்பிட்டாங்க. நாமளும் மழுப்பிடலாம். மரியாதை குடுத்தா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. சரி, அடுத்தது."

"அடுத்ததுக்குப் போகாதீங்க சார். தமிழ்ல இங்க மழுப்பவே இடமில்ல. 'நீங்க'ன்னா தொடர் பொய். 'நீ'ன்னா தொடர் நிஜம். ரெண்டுல ஒண்ணைச் சொல்லித்தான் ஆகணும்."

வசனகர்த்தாவுக்குச் சவால் பிடிக்கும். ரெண்டுமில்லாமல் எழுதிக்காட்டுகிறேன் என்று பேனாவை எடுத்தார். 'யாருக்குத்தான் தெரியாது?' என்று 'உங்களை' என்ற சொல்லை வெட்டினார். அது தப்பித்தது. உட்காரச் சொல்லும் இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். 'உக்காரலாமே' என்று எழுதினார். கல்யாண வீட்டு வரவேற்பு மாதிரி இருந்தது. 'உக்காரணும்' என்றார். கண்டிப்பான வாத்தியார் வந்துவிட்டார். 'இங்க நாற்காலி இருக்கு' என்றதும் ஒலிப்பதிவாளர் சிரிப்பை அடக்கமுடியாமல் மைக்கை அணைத்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் ஆறு தாள் கசங்கியது. மழைக்குப் பயந்து ஓடியவன் குளத்தில் விழுந்த மாதிரி, ஒரு விகுதியிலிருந்து தப்பினால் இன்னொன்று வந்து பிடித்துக்கொண்டது.

"சரிம்மா" என்றார் வசனகர்த்தா களைத்துப்போய். "நீங்க ஆஸ்பத்திரியில வேலை பாத்தவங்க. நர்ஸுங்க எல்லாருமே நோயாளியை 'கையை நீட்டு, திரும்பிப் படு'ன்னுதானே சொல்வாங்க? அப்படி வெச்சுக்குவோம். தொடருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லாத 'நீ'."

"அது அதட்டுற நீ சார். அவசரத்துல வர்றது, நோயாளி எழுந்து உக்காந்ததும் 'நீங்க' ஆயிடும். இது உரிமையில வர்ற நீ. பதினோரு வருஷம் ஹெட்போன் வழியா ரெண்டையும் கேட்டிருக்கேன். கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சுச் சொல்வேன்."

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்கு இன்னும் மூன்று பேர் குரல் பாக்கி. "அழுகை அக்கா, உங்க பாசம் புரியுது. ஆனா எது கணக்குல வரும்னு முடிவு பண்ண வேண்டியது அவங்க. நாம குரல் குடுக்கிறவங்க."

"நான் முடிவு பண்ணலை சார். அந்த நடிகை முடிவு பண்ணிட்டாங்க. காட்சியை ஓட்டச் சொல்லுங்க."

விளக்கு அணைந்தது. திரையில் எரிகல் உடைந்த கதவு வழியாக உள்ளே வருகிறான். நர்ஸ் திரும்புகிறாள். எதுவும் கேட்கவில்லை. நேராக வந்து அவன் இடது தோளில் கை வைத்து, லேசாக அழுத்தி, உட்காரச் சொல்கிறாள்.

"நிறுத்துங்க" என்றாள் அழுகை அக்கா. "இந்தப் படத்துல அவனுக்கு அடி எங்கே?"

"வலது கால்ல" என்றார் ஒலிப்பதிவாளர். அவர் தொடரை ஒரு அத்தியாயம் விடாமல் பதிவு செய்தவர். சொல்லிவிட்டு அவரே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கால்ல அடிபட்டவனோட தோளை எதுக்குத் தொட்டுப் பாக்குறா? கம்பி ஏறின தோளு அது. ஆறிடுச்சான்னு பாக்குறா. தாள்ல இருந்துச்சோ இல்லையோ, அந்தம்மா நடந்ததுன்னு நம்பித்தான் நடிச்சிருக்காங்க. அவங்க வாயைப் பாருங்க. 'உக்காரு' வரைக்கும்தான் திறந்திருக்கு. மூடின பிறகு 'ங்க' வெச்சா அது தனியாத் தொங்குது."

மறுபடி ஓட்டினார்கள். மூன்றாவது தடவை இயக்குநர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவர் தொடரைப் பார்த்தவரில்லை. "அந்தக் கம்பி அத்தியாயம் இங்க இருக்கா?" என்று கேட்டார். சாப்பாட்டு இடைவேளையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு முழுதையும் பார்த்தார். சாப்பாடு அப்படியே ஆறியது. முடிந்ததும் டப்பாவை மூடிவிட்டுக் கம்பெனி அதிகாரிக்குப் போன் போட்டார்.

அதிகாரி அம்மாள் குறிப்பில் உள்ளதையே திருப்பிச் சொன்னார். இயக்குநர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், எங்க மொழியில ரெண்டுக்கும் நடுவுல நிக்க வழியில்ல."

"மரியாதையாப் பேசினா பாதுகாப்புதானே?"

அழுகை அக்கா குனிந்து பேசினாள். "இல்ல மேடம். ரெண்டு வருஷம் தம்பியைக் கொன்னவன்னு வெறுத்து, அப்புறம் மன்னிச்சவ திரும்ப நீங்கன்னு சொன்னா, அது மரியாதை ஆகாது. மன்னிப்பை வாபஸ் வாங்கின மாதிரி. தொடரைப் பாக்காதவங்களுக்கு 'நீ' உறுத்தாது, நர்ஸ்தானேன்னு விட்டுடுவாங்க. பாத்தவங்களுக்கு 'நீங்க' முள்ளாக் குத்தும். ஒண்ணு யாரையும் நோகடிக்காது, ஒண்ணு பாதிப்பேரை நோகடிக்கும். எது பாதுகாப்பு?"

 பிறகு, "இதையே எழுதி அனுப்புங்க" என்றது போன். வசனகர்த்தா கால்பக்கத்தில் எழுதி அனுப்பினார். மூன்று மணிக்கு ஒரு வரியில் பதில்: படத்தில் என்ன தெரிகிறதோ அதன்படி செய்யுங்கள்.

"சரி" என்றார் இயக்குநர். அடுத்தது என்று சொல்லவில்லை. அவள் மைக் முன்னால் போய் நின்று ஒரே தடவையில் பேசினாள்.

"உக்காரு. உன்னை யாருக்குத்தான் தெரியாது?"

படம் வெளியான முதல் ஞாயிறு மத்தியானக் காட்சிக்குத் தன் கணவனோடு போனாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். பறக்கிறவர்கள் கதையில் தனக்கு என்ன பிழைப்பு என்று கேட்கிறவர். பாப்கார்னுக்கு மட்டும் வந்திருந்தார். நர்ஸ் திரையில் திரும்பியதும் முன்வரிசைகளில் சிலர் விசில் அடித்தார்கள். 'உக்காரு' என்ற சொல் விழுந்ததும் அரங்கத்தில் கால்வாசிப்பேர் எழுந்துவிட்டார்கள். மீதிப்பேர் என்ன நடந்தது என்று தெரியாமல் அவர்களைப் பார்த்தார்கள். பின்னால் இருந்த பெண்ணொருத்தி தன் தோழியிடம், "நீன்னு சொன்னா பாத்தியா! அப்ப தொடரும் சேர்த்திதான்!" என்று கத்தினாள். கணவன் பாப்கார்னை நிறுத்திவிட்டு, "உக்காருன்னு சொன்னதுக்கா எல்லாரும் எந்திரிக்கிறாங்க?" என்று கேட்டார்.  இவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

சில மாதம் கழித்துக் கம்பெனியின் பெரிய தலை ஒருவர் பேட்டியில், படங்கள் வேறு, தொடர் வேறு என்று சொல்லிவிட்டார். வசனகர்த்தா பதறிப்போய்க் கூப்பிட்டார்.

"சொல்லிட்டுப் போகட்டும் சார்" என்றாள் அவள். "அவங்க மொழியில நடக்காம இருந்திருக்கலாம். நம்ம மொழியில நடந்துடுச்சு. அவ நீன்னு கூப்பிட்டதை எத்தனையோ பேர் காதால கேட்டிருக்காங்க. பேட்டியில வந்து அதை அழிக்க முடியுமா?"

இப்போது அந்தக் கூடத்தில் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எரிகல் உலகத்தில் யார் யாரை நீ என்பார்கள், யார் யாரை நீங்க என்பார்கள், எந்த அத்தியாயத்திலிருந்து மாறியது என்று முந்நூறு வரிக்கு மேல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். வசனம் எழுத உட்காருமுன் அதைப் புரட்டாமல் யாரும் பேனாவைத் திறப்பதில்லை. போன வாரம் புதிதாகச் சேர்ந்த உதவி வசனகர்த்தா ஒருத்தி வந்து, எரிகல்லைக் கார்ட்டூனாகவும் எடுத்திருக்கிறார்களே, அதில் நர்ஸ் அவனை 'வாங்க தம்பி' என்கிறாளே, அதையும் பட்டியலில் ஏற்றலாமா என்று கேட்டாள்.

"கார்ட்டூனா?" என்றாள் அழுகை அக்கா. "அது கணக்குல வராது."

"ஏன்க்கா? தொடர் வரும்னா கார்ட்டூனும் வரணும்ல?"

"எங்கயாவது ஒரு கோடு போடணும்ல? அதுவுமில்லாம அதுல நர்ஸுக்குக் குரல் குடுத்தது வேற யாரோ" என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியைக் காட்டச் சொன்னாள்.