மொழிப் பொத்தானும் நானும்

“ஏங்க, இத எழுதுனது நீங்கதானா? இது எம்புள்ளைக்குப் பயிற்சியா, இல்ல எங்க நெலத்துக்கு வந்த நோட்டீஸா?”

இணையதளத்துக்குத் தமிழ் எழுதிக் கொடுக்கும் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் இது. சொன்னவர் பேச்சியம்மாள். புளியங்குடி எலுமிச்சை மண்டியில் காய் தரம் பிரிக்கிறவர். சண்டை நடந்த இடம் குற்றாலம் ரோட்டில் இருக்கிற ஒரு சின்ன பிசியோதெரபி மையத்தின் வராந்தா. அவருடைய ஆறு வயது மகள் முத்து பெஞ்சில் உட்கார்ந்து, சினிமா பார்ப்பதுபோல எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போகப் போகப் பழகிரும்” என்றேன் நான், கொஞ்சம் விறைப்பாகவே. உங்களில் யாராவது இந்த வேலை பார்த்திருந்தால் தெரியும், இதைவிட மோசமான பதில் கிடையாது. பேச்சியம்மாள் போனை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: “நான் ஒங்க தமிழப் பழகி முடிக்கதுக்குள்ள எம்புள்ளைக்குக் கல்யாண வயசு வந்துரும்.”

வத்தல் நனைந்த கதை

நான் வேலைக்குப் போகிறவள் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்வதும், பார்த்துக்கொள்ளாதவர்களைத் திட்டுவதும்தான் என் வேலை. படித்தது கான்வென்ட். அங்கே தமிழில் பேசினால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். எனக்கு வாய் அடங்காது என்பதால் பள்ளி முடிக்கும்போது நல்ல ஓட்டக்காரியாக இருந்தேன்.

எங்கள் தென்காசி வீட்டு மாடியில் செல்வின் என்பவர் சாஃப்ட்வேர் ஆபீஸ் வைத்திருக்கிறார். ஆபீஸ் என்றால் அவரும் இரண்டு கம்ப்யூட்டரும். ஒருநாள் அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோக, டேங்க் நிரம்பி வழிந்து, நான் காயப்போட்டிருந்த கூழ்வத்தல் மொத்தமும் மறுபடி கூழாகிவிட்டது. திட்டுவதற்காகத்தான் மாடியேறினேன். அவர் திரையில் தமிழ் தெரிந்தது. யந்திரம் மொழிபெயர்த்த தமிழ். வத்தலை மறந்துவிட்டு அதைத் திட்ட ஆரம்பித்தேன்.

அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். கால் தசை இறுகிப்போன குழந்தைகளை வாரத்துக்கு ஒருநாள்தான் அந்த மையத்துக்குத் தூக்கிக்கொண்டு வர முடிகிறது. பஸ் ஏறி இறங்கித் தினமும் வர எந்தத் தாயால் முடியும்? மீதி ஆறு நாளும் அம்மாக்கள் வீட்டிலேயே பயிற்சி கொடுக்க வேண்டும். சில நாள் விட்டாலே தசை மறுபடி இறுகிவிடும். அதற்காக வீடியோவும் விளக்கமும் வைத்து செல்வின் ஒரு இணையதளம் செய்திருந்தார். எல்லாம் இங்கிலீஷில். அதைத் தமிழுக்கும் மலையாளத்துக்கும் கொண்டுவர வேண்டும். நான் அரைமணி நேரம் பேசி முடித்ததும் அந்த மனிதர் கேட்டார்: “அக்கா, இப்ப திட்டுனீங்கள்லா, அத அப்படியே டைப் அடிச்சுத் தர்றீங்களா?”

ஷீபா சொல்லாமல் வைத்திருந்தது

திட்டியதை அப்படியே அடித்திருந்தால் பிழைத்திருப்பேன். கீபோர்டில் கை வைத்ததும் எனக்குள் இருந்த கான்வென்ட் மாணவி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். ‘தங்கள் குழந்தையின் முழங்கால் மூட்டினை நிதானமாக நெகிழ்வுறச் செய்யவும்’ என்று எழுதினேன். மூன்று வாரம் அகராதியோடு குடும்பம் நடத்தினேன். எழுதி முடித்ததும் பெருமையாக வேறு இருந்தது. அதைத்தான் பேச்சியம்மாள் நிலத்து நோட்டீஸ் என்றார்.

மையத்தின் பிசியோதெரபிஸ்ட் ஷீபா கேரளா பக்கம் புனலூர்க்காரர். செங்கோட்டை தாண்டி வருகிற குடும்பங்களுக்காக மலையாளத்தை அவரே இரண்டு டீ இடைவேளையில் எழுதி முடித்துவிட்டார். நோட்டீஸ் சண்டைக்குப் பிறகு நான் ஒருநாள் முழுக்க அவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவரும் அம்மாக்களும் பேசுவதைக் குறித்துக்கொண்டேன். ‘முட்டிய மெல்ல மடக்குங்க. பத்து எண்ணுங்க. விடுங்க.’ இவ்வளவுதான். என் மூன்று வாரத்தையும் அழித்துவிட்டு அதை எழுதினேன். பேச்சியம்மாள் படித்தார், அங்கேயே பெஞ்சில் முத்துவின் முட்டியை மடக்கிப் பத்து எண்ணினார், அவரிடம் அதுதான் பாராட்டு என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. ஷீபாதான் மெதுவாகச் சொன்னார்: “சேச்சி முதல்ல எழுதினது எனக்கு நல்லா மனசிலாச்சு. அப்பவே நினைச்சேன், இது அம்மாக்களுக்குப் புரியாதுன்னு.”

பெட்டிக்கு வெளியே விழுந்த வார்த்தை

ஒவ்வொரு வரிக்கும் செல்வின் திரையில் ஒரு பெட்டி வைத்திருந்தார். இங்கிலீஷில் ஒரு விரல்கடை இடத்தில் அடங்குகிற வரி தமிழில் ஒரு சாண் கேட்கிறது. செல்வின் என்னிடம், “அக்கா, கொஞ்சம் சின்னதாத் தமிழ் குடுங்க” என்பார். நான், “நீங்க கொஞ்சம் பெருசாப் பெட்டி குடுங்க” என்பேன். இரண்டு பேரும் அவரவர் சொன்னதே சரி என்று விட்டுவிட்டோம்.

சாரல் மாதம் வந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் ஊருக்கே சந்தோஷம். பிள்ளைகளுக்கு மட்டும் மூக்கில் தண்ணீர். அதற்கென்றே ஷீபா ஒரு குறிப்பு சேர்க்கச் சொல்லியிருந்தார். ‘சளி இருந்தாலும் பயிற்சியை நிறுத்த வேண்டாம்.’ பேச்சியம்மாள் கண்ணாடி போடாதவர். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார். அவர் போனில் அந்த வரி பெட்டிக்குள் அடங்காமல் கடைசி வார்த்தை காணாமல் போய்விட்டது. ‘சளி இருந்தாலும் பயிற்சியை நிறுத்த’ என்பதோடு நின்றது. முத்துவுக்குச் சளி பிடித்ததும் அவரும் நிறுத்திவிட்டார். வாரம் முடிந்து வந்தபோது ஷீபா முத்துவின் காலைப் பிடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஒரு மாதம் பாடுபட்டு இளக வைத்தது மறுபடி விறைத்திருந்தது. முத்து வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நான் பேச்சியம்மாளின் போனை வாங்கிப் பார்த்தேன். கத்துவார் என்று காத்திருந்தேன், கத்தியிருந்தால் தேவலை. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்: “இந்தத் தடவ நல்லாப் புரியுத மாதிரி எழுதிருந்தீங்க. அதான் அப்படியே கேட்டேன்.”

அன்று சாயங்காலமே செல்வின் எல்லாப் பெட்டிகளையும் உடைத்துப் பெரிதாக்கினார். நான் ஒரு பழைய சின்ன போனை வாங்கி, எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக வைத்து, ஒவ்வொரு வரியையும் அதில் பார்த்த பிறகுதான் விடுகிறேன். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான்.

யாரும் தொடாத பொத்தான்

இதெல்லாம் சரிசெய்த பிறகு ஷீபா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். தமிழ்ப் பக்கத்தை யாருமே திறக்கவில்லையாம், பேச்சியம்மாளைத் தவிர. முதல் திரையில் மூன்று மொழிக்கும் மூன்று பொத்தான். எல்லாரும் இங்கிலீஷைத் தொட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ஒன்றும் புரியாமல் வீடியோவை மட்டும் ஓடவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

வராந்தாவில் உட்கார்ந்து வேவு பார்த்தேன். தென்காசியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற ஒரு அப்பா. நெற்றியில் திருநீறு, மடியில் பெண் குழந்தை. அவர் விரல் தமிழுக்கு மேல் போய் நின்றது. பக்கத்தில் இருந்தவரை ஓரக்கண்ணால் பார்த்தார். விரல் நகர்ந்து இங்கிலீஷில் இறங்கியது. “ஏன் அண்ணாச்சி, தமிழ் இருக்குல்லா?” என்று கேட்டேன். “இருக்கட்டும் மேடம்” என்று சிரித்து மழுப்பினார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. என் கையில் இருந்த என் போனும் அப்போது இங்கிலீஷில்தான் இருந்தது.

செல்வினிடம் சொல்லி அந்த மூன்று பொத்தானையும் எடுக்க வைத்தேன். திறந்தால் யாரையும் கேட்காமல் தமிழ் வரும். இங்கிலீஷும் மலையாளமும் வேண்டுமென்றால் மேலே மூலையில் தேடித் தொட வேண்டும். அடுத்த வாரம் ஜவுளிக்கடைக்காரர் தமிழ் விளக்கத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டே மகளுக்கு முட்டி மடக்கினார். என்னைப் பார்த்ததும் சொன்னார்: “இப்பச் சரி மேடம். நானாத் தொடலைலா, அதுவாத்தான தமிழ்ல வருது.”

கடையநல்லூர்ப் பேய்

கடையநல்லூர் ஜமீலாவுக்கு நாலு வயதில் ஒரு மகன், யாசின். கணவர் காதர் வளைகுடாவில் வேலை. ஜமீலா அதிகம் பேசமாட்டார். அப்படிப்பட்டவர் ஒருநாள் எனக்கே போன் செய்தார். “மேடம், காலைல தமிழ்லதான் வச்சிட்டுப் போறேன். மறுநா தொறந்தா இங்கிலீஷ்ல கெடக்கு. தெனமும் இதே கூத்து. போனுக்குள்ள என்னமோ புகுந்துருக்கு.”

செல்வின் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு கண்டுபிடித்தார். ஒரே போன் நம்பரைப் போட்டு இரண்டு ஊரிலிருந்து உள்ளே வருகிறார்கள். காதருக்கு எழுதிக் கேட்டதில் மீதியும் தெரிந்தது. காதர் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் மகனின் பயிற்சியைத் திறந்து பார்க்கிறார். அறையில் உடன் இருப்பவர் பிலிப்பைன்ஸ்காரர்; முன்பு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அவருக்குக் காட்டிச் சந்தேகம் கேட்பதற்காக இங்கிலீஷுக்கு மாற்றுகிறார். நாங்கள் மொழியைப் போனோடு சேர்க்காமல் நம்பரோடு சேர்த்து வைத்திருந்தோம். அவர் அங்கே மாற்றினால் இங்கே மாறும். ஜமீலா இங்கே மாற்றினால் அங்கே மாறும். சுத்தமான எங்கள் தப்பு.

விஷயத்தை ஜமீலாவிடம் சொன்னேன். “அவருதானா!” என்று ஒரு சிரிப்பு கேட்டது. வேறு வேலைகளால் பத்து நாள் தள்ளிப்போய், பிறகு செல்வின் அந்தந்தப் போனுக்கு அந்தந்த மொழி என்று பிரித்துவிட்டார். சாதித்த முகத்தோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். “அக்கா, பேய ஓட்டியாச்சு.”

பேயைத் திருப்பிக் கேட்டவர்கள்

ஒரு வாரம் கழித்து, குறை எழுதும் பெட்டியில் காதரிடமிருந்து வந்திருந்தது: “மேடம், முன்ன இருந்த மாதிரியே ஆக்கித் தாங்க. நான் ராத்திரி இங்கிலீஷ்ல பாத்துட்டுப் படுப்பேன். காலைல எந்திச்சுப் பாத்தா தமிழ்ல இருக்கும். சரி, இன்னைக்குப் பிள்ளைக்கு முட்டி மடக்கியாச்சுன்னு நிம்மதியா வேலைக்குப் போவேன். இப்ப எப்பப் பாத்தாலும் இங்கிலீஷாவே கெடக்கு.” பயிற்சி முடிந்தால் அம்மா டிக் போடுவாரே, அது உங்களுக்கும் தெரியுமே என்று பதில் எழுதினேன். உடனே திரும்பி வந்தது: “அந்த டிக்க அவ மொத நாளே போட்டு வச்சிருவா மேடம்.”

இதை எப்படி ஜமீலாவிடம் கேட்பது? புருஷன் பெண்டாட்டி நடுவே மொழிபெயர்க்க எந்த அகராதியும் உதவாது. சுற்றி வளைத்து யாசின் எப்படி இருக்கிறான் என்று ஆரம்பித்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருபது எண்ணும்வரை தானாகவே நிற்கிறானாம். டிக்கைப் பற்றிக் கேட்டதும் அவருக்குக் கோபமே வரவில்லை. “டிக்கு அவரு மனசுக்காக மேடம். முட்டி மடக்குறது பிள்ளைக்காக. அத ஒருநாளும் விட்டதில்ல” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். “நீங்க அவருதான்னு சொன்னீங்கள்லா, அதுக்கப்புறம் பத்து நாள் எனக்கு நல்லாருந்துச்சு. போன்ல கேட்டா நல்லாருக்கேன்னுதான் எப்பவும் சொல்லுவாரு. காலைல இங்கிலீஷ்ல கெடந்தாத்தான் மனுசன் பத்திரமா ரூமுக்கு வந்துட்டாருன்னு எனக்குத் தெரியும். பேயாவே இருக்கட்டும் மேடம், திருப்பித் தாங்க.”

செல்வினிடம் போனேன். முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அக்கா, தப்புன்னு சரிபண்ணுனத மறுபடி தப்பா ஆக்குன்னு எங்கயாவது எழுதுவாங்களா?” என்றார். எழுதுவார்கள். ஆபீஸ் வேலைப் பட்டியலில் நானே எழுதிவைத்தேன். அது ஆகி இரண்டு மாதம்.

பேச்சியம்மாளுக்கும் ஷீபாவுக்கும் ஜவுளிக்கடை அண்ணாச்சிக்கும் கடையநல்லூர்க் குடும்பத்துக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எந்தப் பெட்டியிலும் அடக்க முடியாது. மொத்தத்தில், இந்தத் தொழிலில் நான் உருப்படியாக எழுதியது எல்லாம் யாரிடமாவது வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு எழுதியதுதான், யாரும் திட்டாமல் நானாக எழுதிய ஒரே ஒரு வரிக்குத்தான் இன்னும் பதில் இல்லை: “செல்வின் தம்பி, அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் பழைய தப்பைத் திருப்பிக் கொடுத்துவிடவும்.”