இரண்டு கார்டுக்கு நடுவில்

போன வாரம் கம்ப்யூட்டர் கடையில் ஒரு சண்டை. சண்டை என்றால் போட்டது நான் மட்டும்தான். கடைக்காரப் பிள்ளை பாவம், முழித்துக்கொண்டு நின்றான். என் மகன் அனிமேஷன் படிக்கிறான். இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பெட்டி வேண்டுமாம். அதை மாட்டிக்கொண்டே அந்தப் பிள்ளை அக்கறையாகத்தான் சொன்னான்: "ரெண்டு கார்டுக்கும் நடுவுல கேப் வுடோணும்ங்க மேடம். இல்லீன்னா மேல இருக்கறது சூட்டுல வெந்துருமுங்க."

"அத எனக்கா சொல்லுதீய?" என்று கத்திவிட்டேன். மகன் என்னைத் தெரியாதவன் மாதிரி கீபோர்டு பார்க்கப் போய்விட்டான்.

கத்தியதற்குக் காரணம் அந்தப் பிள்ளை இல்லை, வாடை. பக்கத்து மேசையில் ரிப்பேருக்கு வந்த பழைய பெட்டி ஒன்றைத் திறந்துபோட்டுக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ பனியன் கம்பெனிப் பெட்டியாக இருக்க வேண்டும். சூடேறிய பஞ்சுத்தூசி. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்தால் கருகுவதற்குச் சற்று முன்னால் ஒரு வாடை வருமே, அதேதான். அது மூக்கில் ஏறியதும் தண்டபாணியின் முகம் வந்து நின்றது. அந்த முகத்தைப் பார்த்துக் கத்த வேண்டியதை இத்தனை வருஷம் கழித்து யாரிடமோ கத்தினேன்.

தண்டபாணி, நான் வேலை பார்த்த கம்பெனி முதலாளியின் மச்சினன். திருப்பூரில் முதலிபாளையம் பக்கம் ஷெட்டு. வழிவழியாக நெசவுக் குடும்பம், முருக பக்தி, நெற்றி நிறையத் திருநீறு, 'ங்க' போடாமல் வாயிலிருந்து ஒரு சொல் விழாது. நாங்கள் தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்கள் ஊரில் கோபம் வந்தால் கோபமாகப் பேசுவார்கள். அன்பு வந்தாலும் பாதி நேரம் கோபமாகத்தான் பேசுவார்கள். இங்கே வந்த புதிதில் 'வாங்க, உக்காருங்க, சாப்ட்டீங்ளா' என்பதைக் கேட்டு அம்மா உருகிப்போனாள். எனக்கு அந்த மரியாதையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஓர் ஆளை வேலையை விட்டு நிறுத்தும்போதுகூட "நாளைலருந்து வர வேண்டாமுங்க, போயிட்டு வாங்க" என்பார் தண்டபாணி.

அம்மாவும் நானும் முதலில் செக்கிங்கில் இருந்தோம். தைத்து வந்த பனியனைப் புரட்டி ஓட்டை, கறை, நூல் பிசிறு பார்க்கிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே பார்க்க வேண்டும். அம்மாவின் கணுக்கால் இரண்டும் சாயங்காலம் வீங்கிவிடும். நான் மாலை வகுப்புக்குப் போய், கம்ப்யூட்டரில் பிரிண்ட் டிசைன் போடக் கற்றுக்கொண்டு, முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி டிசைன் ரூமில் ஒரு நாற்காலி வாங்கினேன். அதுவும் சும்மா பார்ப்போம் என்றுதான். "பையிங் ஆபீஸ்லருந்து வந்து பாக்கட்டும். டிசைன் ஓக்கேன்னா அந்தச் சேர் உனக்குத்தான் கண்ணு" என்றார். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக இங்கே டிசைன் பார்த்து ஆர்டர் கொடுப்பது பையிங் ஆபீஸ்தான். சக்கரம் வைத்த நாற்காலி. தினமும் வந்ததும் அதைத் துடைப்பேன். சிரிக்காதீர்கள், யாரும் இல்லாதபோது ஒரு சுற்றுச் சுற்றியும் பார்த்திருக்கிறேன்.

அந்த அறையில்தான் அந்தப் பெட்டி. நாலு திரை. அப்போது ஒரு கார்டில் இரண்டு திரைதான் மாட்டலாம், அதனால் உள்ளே இரண்டு கார்டு. திரைக்குள் ஒரு பொம்மை, நான் போட்ட டிசைனை டி-ஷர்ட்டாக மாட்டிக்கொண்டு மெல்லச் சுற்றும். சாம்பிள் தைக்காமலே பையருக்குக் காட்டிவிடலாம் என்று கம்பெனிக்கு ஒரே பெருமை. பெட்டியை அசெம்பிள் செய்து கொடுத்தவர் போகும்போது தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்: கார்டின் விசிறி கீழே பார்த்து இருக்கிறது, கீழே காற்று இருந்தால்தான் இழுக்கும், நடுவில் இருக்கிற இடத்தை எப்போதும் காலியாக விடுங்கள். "ஆகட்டுங்க" என்று தலையாட்டினார் தண்டபாணி.

திருப்பூரில் எந்தப் பொருளையும் வெற்றுடம்பாக இருக்க விடமாட்டார்கள். மிஞ்சின பனியன் துணியில் டி.வி.க்கு உறை, ரிமோட்டுக்கு உறை, பைக் டேங்குக்கு உறை. தண்டபாணி டெய்லரைக் கூப்பிட்டு அளவெடுத்து, கழுத்தில் எலாஸ்டிக் வைத்து, கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒரு சட்டையே தைத்து மாட்டிவிட்டார். "பஞ்சு உள்ள போகக்கூடாதுங்ளே." பஞ்சு எப்படியும் போனது, காற்றுதான் போகவில்லை. காலையில் நான் கழற்றுவேன். டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி மாட்டியிருக்கும். அவர் சிரித்துக்கொண்டே மாட்டுவார், நான் பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றுவேன்.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். அப்புறம் கிரிக்கெட் வந்தது. முதலாளி கிரிக்கெட் பைத்தியம். அக்கா புருஷனைக் குளிர வைக்கத் தண்டபாணி ஒரு டி.வி. கார்டு வாங்கி வந்தார். அதில் கேபிள் வயரைச் செருகினால் கம்ப்யூட்டரிலேயே மேட்ச் தெரியும். செருகட்டும், வேண்டாமென்றா சொன்னேன்? அதை எங்கே கொண்டுபோய் மாட்டினார் தெரியுமா? இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நட்ட நடுவில். கீழே இன்னோர் இடம் சும்மாதான் கிடந்தது.

"மேல உள்ள கார்டுக்கு மூச்சு விட எடமில்ல சார். வெந்து போவும்."

"கீழ வெச்சா வயர் எட்டலீங்க அம்மிணி. ஏ.சி. ஓடுதுல்லீங்க, ஒண்ணும் ஆகாது."

ஒரு முழம் வயர் வாங்கச் சோம்பல்பட்ட மனுஷன்! அதற்குமேல் நான் என்ன சொல்ல? அந்தக் கார்டு முதலாளியின் கிரிக்கெட். அதைக் குறை சொன்னால் முதலாளியையே சொன்ன மாதிரி.

பையிங் ஆபீஸ் அம்மாள் வந்ததும் ஒரு மேட்ச் நாளில்தான். மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடியது, அதில் ஏ.சி. ஓடாது. பொம்மை சுற்றத் தொடங்கியது. பாதிச் சுற்றில் அதன் கன்னத்தில் பச்சைப் புள்ளிகள். அப்புறம் நெஞ்சில் சிவப்புக் கட்டங்கள். அப்புறம் திரை முழுக்க அம்மை வார்த்த மாதிரி ஆகிவிட்டது. அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார்.

"புதுப் பொண்ணுங்க மேடம்" என்றார் தண்டபாணி. "சிஸ்டம் ஹேண்டில் பண்ணத் தெரியலீங்க."

என் நாற்காலி என் கண்முன்னால் போகிறது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! பெட்டியை அணைத்தேன். பனியன் சட்டையை உருவி வீசினேன். பக்கத்துத் தகட்டைக் கழற்றி, டி.வி. கார்டைப் பிடுங்கினேன். மேல் கார்டைத் தொட்டால் விரல் சுட்டது. தையல் பகுதியிலிருந்து நூல் பிசிறு ஊதுகிற ப்ளோயரை எடுத்து வந்து உள்ளே அடித்தேன். தலையணைக்கு ஆகிற அளவு பஞ்சு பறந்தது, கொஞ்சம் தண்டபாணியின் திருநீற்றிலும் போய் ஒட்டிக்கொண்டது. டேபிள் ஃபேனைத் திறந்த பக்கமாகத் திருப்பி வைத்தேன். எல்லோரும் டீ குடித்து முடித்ததும் போட்டேன். பொம்மை சுத்தமான முகத்தோடு சுற்றி வந்தது. டிசைன் ஓக்கே. "பரவால்லியே கண்ணு!" என்றார் முதலாளி, எல்லோர் முன்னாலும்.

நாற்காலி எனக்குக் கிடைத்தது என்று நினைக்கிறீர்கள் அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன், மடச்சி. சாயங்காலம் மேட்ச் பார்க்க வந்த முதலாளிக்கு வெறும் வயர்தான் தொங்கியது. டி.வி. கார்டைக் காணோம்.

மறுநாள் போனால் என் நாற்காலியில் தண்டபாணியின் சொந்தக்காரப் பையன் உட்கார்ந்திருந்தான். "நீங்க செக்கிங்கே பாருங்க அம்மிணி" என்றார் தண்டபாணி, அதே சிரிப்போடு. "இங்க ஒரே சூடுங்க. அங்கன்னா நல்லாக் காத்தோட்டமா இருக்கும்." முதலாளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்தப் பெட்டிக்கு நான் இத்தனை நாளும் கேட்ட காற்றோட்டத்தை எனக்குக் கொடுத்து அனுப்பினார்கள்.

"ஏட்டி, அவுக மிஷினு, அவுக எரிச்சா ஒனக்கென்ன?" என்று திட்டினாள் அம்மா. திட்டிக்கொண்டே செக்கிங் மேசையில் தன் பக்கத்தில் நான் நிற்க இடம் ஒதுக்கினாள்.

மத்தியானம் தண்டபாணி அந்த மேசைக்கே வந்தார். "ஏனுங்க அம்மிணி, அந்த டி.வி. கார்டை எங்கீங்க வெச்சீங்க?"

அந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒருநாளும் என் வாயில் வராத 'ங்க' அன்றைக்கு வந்தது. "தெரியாதுங்களே. நல்லாத் தேடிப் பாருங்க" என்று அவரைப் போலவே சிரித்தேன். அம்மா என்னைப் பார்த்தாள், மேசைக்கு அடியில் இருந்த எங்கள் சாப்பாட்டுப் பையைப் பார்த்தாள், "ஏசப்பா" என்று முணுமுணுத்துவிட்டுப் பனியனைப் புரட்டப் போய்விட்டாள்.

அடுத்த வருஷமே வேறு கம்பெனியில் வேறு நாற்காலி கிடைத்தது. அந்த ஷெட்டு இப்போது யாருடைய குடோனோ. நாலு திரைக்கு இப்போது ஒரே கார்டு போதும். அம்மாவும் இல்லை. அந்த டி.வி. கார்டு மட்டும் என் பீரோவில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. அது பிடிக்கிற சிக்னல் இப்போது எந்தக் கேபிள் வயரிலும் வருவதில்லை. கடையிலிருந்து வந்த அன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். அதன் பல்லிடுக்கில் இன்னும் பஞ்சு.

"எதுக்கும்மா இந்தக் குப்பை? தூக்கிப் போட்டுரலாமே" என்றான் மகன்.

"போடாதே. ஒருத்தர் தேடிக்கிட்டிருக்கார்" என்றேன். "தேடட்டுமுங்க."