இடது காதுக்குத் திரும்பிய கிட்டார்

நான் இப்போது வசிக்கும் பின்லாந்து நகரத்தின் பெயர் தம்பரே. தாம்பரத்துக்காரன் தம்பரேயில் குடியேறியிருக்கிறேன் என்றால் சொந்தக்காரர்கள் எழுத்துப்பிழை என்றே நினைக்கிறார்கள். எனக்கு அதைவிட விநோதமாகப் படுவது இங்குள்ள காலைப் பேருந்து. ஐம்பதைத் தாண்டிய ஓட்டுநர் ஹெவி மெட்டல் என்னும் அதிரடி ராக் இசையைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவார். முன்னிருக்கையில் ஒரு வயதான அம்மையார் ஸ்வெட்டர் பின்னியபடியே தலையாட்டுவார். யாரும் முகம் சுளிப்பதில்லை. நம் ஊர்ப் பேருந்தில் காலையில் பக்திப் பாட்டு ஓடுவதைப் போல இங்கே இது ஓடுகிறது.

தாம்பரத்தை ஒட்டிய சேலையூர் வீட்டில் நான் இதைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கேட்பேன். ஹெவி மெட்டல் பிடிக்கும் என்று கல்லூரி நாட்களில் அப்பாவிடம் சொன்னபோது, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஏதோ இரும்புத் தொழிற்சாலையில் சேர ஆசைப்படுகிறேன் என்று நினைத்து அவர் மகிழ்ந்தார். பாட்டைக் கேட்டதும் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. அம்மா கதவைத் தட்டி, "காது போயிடும்டா" என்பார். கூட உட்கார்ந்து கேட்டவன் சேகர் ஒருவன்தான். கோவளத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, என் வகுப்புத் தோழன். "இன்னா அடி அடிக்கிறான் பாரு மச்சான்" என்று டிரம்ஸோடு சேர்ந்து என் மேஜையைத் தட்டுவான். அந்த ஆல்பங்களில் பெரும்பாலும் இரண்டு கிட்டார்கள் இருக்கும், இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. சண்டை போடுவதுபோல் தொடங்கி, சேர்ந்து பாடி முடிக்கும். எங்களிடம் இருந்தது ஒரே ஹெட்போன். ஆளுக்கொரு பக்கம் காதில் வைத்துக்கொண்டு, பாதிப் பாட்டில் பக்கம் மாற்றிக்கொள்வோம்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள், ஹெட்போனில் இடது கிட்டார் கேட்கவில்லை. ஹெட்போன்தான் பழுது என்று நினைத்துப் பக்கம் மாற்றிப் போட்டேன். அப்போதும் இடது காதில் ஒன்றுமில்லை. இத்தனை வருட இரைச்சலுக்குக் காது கொடுத்த விலை இது என்று முடிவே கட்டிவிட்டேன். மருத்துவரிடம் போகவில்லை. அப்படி ஒரு சேதியைப் பாதி புரிகிற மொழியில் கேட்க மனம் வரவில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் மிக்கோவிடம் மட்டும், "இடது காது கேட்கவில்லை" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். கல் மனசுக்காரர் என்று நினைத்தேன். அதன்பின் உணவு இடைவேளைகளில் அவர் எப்போதும் என் வலப்பக்கமே வந்து உட்கார்ந்தது எனக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

விடுப்பு கிடைத்ததும் ஊருக்கு வந்தேன். காது விஷயத்தை அம்மாவிடமும் சேகரிடமும் சொன்னேன். சேகர் காரோடு வந்து நின்றான். "டாக்டரு சொல்றதுக்கு முன்னாடியே ஏன் பேஜார் ஆவுற? வந்து குந்து" என்றான். அம்மாவும் ஏறிக்கொண்டார். "காது போயிடும்" என்று அத்தனை வருடம் சொன்னவர், வழியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

கிழக்குத் தாம்பரத்துக் காது மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காதுல எதாவது வைப்பீங்களா சார்?" என்று கேட்டார்.

"கச்சேரிக்குப் போறப்ப அடைப்பான் வைப்பேன் மேடம். காது கெட்டுப்போகக் கூடாதுன்னு."

"அதுதான் அழுக்கை உள்ள தள்ளி, கல்லு மாதிரி ஆக்கியிருக்கு" என்றார்.

சில நாள் சொட்டு மருந்து விட்டேன். மறுபடி போனபோது வெதுவெதுப்பான தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். ஏதோ நழுவி விழுந்தது. சட்டென்று மின்விசிறியின் கிறீச் சத்தம், தெருவின் ஹாரன், எல்லாம் ஒன்றாக உள்ளே நுழைந்தன. இடப்பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா, மிகவும் மெல்லிய குரலில், "கேக்குதா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். பரிசோதனை செய்த மருத்துவர், வயதுக்கு ஏற்ற காதுதான், பயம் இல்லை என்றார். வெளியே வந்ததும் அம்மா, "கேளு, நல்லா கேளு. கொஞ்சம் மெதுவா வச்சுக் கேளு" என்றார்.

அன்று மாலை மேடவாக்கத்தில் சேகரின் குடியிருப்புக்குப் போனோம். நாங்கள் பாதிப் பாதி காசு போட்டு வாங்கிய இசைத்தட்டு அவனிடம் இருந்தது. அதன் அட்டை உறையில் எலும்புக்கூடு ரயில் ஓட்டும் படம். கீழே தண்ணீர் லாரி உறுமிக்கொண்டிருக்க, இரண்டு கிட்டார்களும் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தன. சேகர் கேட்டான்: "அங்க உங்கிட்ட ப்ளேயர் கீதா?"

"இல்லடா."

"அப்ப அட்டைய நீ எடுத்துனு போ. தட்டு இங்கயே இருக்கட்டும்."

தம்பரே வீட்டுச் சுவரில் அந்த அட்டையை மாட்டியிருக்கிறேன். போன வாரம் காபி குடிக்க வந்த மிக்கோ அதைப் பார்த்து முதல்முறையாக என் எதிரே வாய்விட்டுச் சிரித்தார். அனுமதி கேட்டு, கழற்றி, உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். காலியாக இருந்தது.

"தட்டு எங்கே?" என்றார்.

"வீட்டில்" என்றேன், ஊரை நினைத்தபடி.

மிக்கோ திரும்பிப் பக்கத்து அறையின் கதவைப் பார்த்தார்.