மஞ்சள் ஜெர்கின்

பனிமலைக் கம்பிவடத்தில் வரும் நாற்காலி மேடையில் இடிக்கும் சத்தம் கேட்டதும் கியூமர்ஸ் முதலில் தோளைக் குலுக்குவார். ஆட்டுத்தோல் கோட்டு முழங்கை வரை வழியும். இடது கையை உருவி, வலது கையை உருவி, திரும்பிப் பார்க்காமலே அதைப் பின்னால் நீட்டுவார். பெஹ்ரங் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குள் அவர் வயிற்றை உள்ளே இழுத்து, பனிக்கண்ணாடியை நெற்றியில் லேசாகச் சாய்த்துவிட்டிருப்பார். இறங்கும் தெஹ்ரான்காரர்கள் காண்பது எலுமிச்சை மஞ்சள் ஜெர்கினும் தக்காளிச் சிவப்புக் காற்சட்டையும் அணிந்து, குளிர் என்ற ஒன்றைக் கேள்வியே படாதவர்போல் அல்போர்ஸ் சிகரங்களைப் பார்த்து நிற்கும் ஒரு மனிதரை. அவர்கள் சறுக்கிக்கொண்டு போய் மறைந்ததும் கை மறுபடி பின்னால் நீளும்.

"குடு, குடு. செத்தேன்!"

கோட்டு பெஹ்ரங்குடையது.

அவன் மேல் நிலையத்து ஊழியன். கம்பிவடத்தில் தொங்கி வரும் நாற்காலிகளின் பக்கத்தில், திறந்த வெளியில் நின்று, தடுமாறுகிறவர்களைக் கைகொடுத்து இறக்கிவிட வேண்டும். பின்னாலிருக்கும் தகர அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு உண்டு. அதன் அருமையை அவன் அறிவது சாப்பாட்டு நேரத்தில் மட்டும். அதனால்தான் பேருந்து ஓட்டும் மாமாவிடம் கெஞ்சி அந்தக் கோட்டை வாங்கியிருந்தான். காப்பிப்பொடி நிறம், உள்ளே சுருட்டை ரோமம், கழுத்துப் பட்டையில் கிரீஸ் வாடை. அதைப் போட்டுக்கொண்டால் யாரும் அவனைக் கவனிப்பதில்லை. அதுவும் அவனுக்கு வசதியாகவே இருந்தது.

கியூமர்ஸ் பனிச்சறுக்கு கற்றுக்கொடுப்பவர்; அதனால் எல்லாருக்கும் 'உஸ்தாத்', ஆசான். பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவே மேல் நிலையத்தில்தான் இருப்பார். அங்கேதான் எல்லார் கண்ணிலும் படலாம். ஊதாக் கையுறைகள் வெங்காயச் சருகைவிட மெல்லியவை. அடுப்பருகே வந்தாலும் உட்கார மாட்டார்: மடிப்பு கலைந்துவிடும். சூடான ஆஷ் கஞ்சியை நீட்டினால் இரண்டடி பின்வாங்குவார்: ஒரு சொட்டு சிந்தினால் போயிற்று.

"உஸ்தாத், உள்ளே ஒரு கம்பளிச் சட்டை போட்டா என்ன?"

"தொப்பை தெரியும்டா."

"அப்ப கறுப்புல நல்ல கனமா ஒண்ணு வாங்குங்க. மத்த ஆசிரியருங்க எல்லாம் அதானே போடுறாங்க?"

"போடுறாங்க. எது யாருன்னு இங்கேருந்து சொல்லு பாப்போம்." பெஹ்ரங் சரிவைப் பார்த்தான். கறுப்புப் புள்ளிகள். "பெஹ்ரங் கண்ணு, இந்த மலையில விழுறவனை எல்லாரும் பாப்பாங்க. ஒழுங்கா போறவனை எவன் பாக்குறான்? மஞ்சள் போட்டாத்தான் பாப்பான்."

யாராவது ஜெர்கினைப் புகழ்ந்தால் "உங்களுதுதான், எடுத்துக்குங்க" என்பார். அது இங்கே எல்லார் வாயிலும் வருவதுதான்; டாக்சிக்காரர்கூடக் கூலி வாங்குமுன் "இருக்கட்டும், உங்களுக்கு இல்லாததா" என்பார். மூன்று முறை மறுக்க வேண்டியது கேட்பவர் பொறுப்பு. ஆனால் சொல்லும்போதே ஜிப்பைப் பாதி மார்பு வரை இறக்கிக் காட்டுகிறவர் கியூமர்ஸ் ஒருவர்தான். அப்போது அவர் முகத்தில் தெரியும் மலர்ச்சியைப் பார்த்துவிட்டு, கோட்டை நீட்டக் காத்திருக்கும் பெஹ்ரங்குக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

இந்தக் குளிர்காலத்தில் ஜிப் அதிகம் இறங்கவில்லை. தெஹ்ரான் இளசுகள் திடீரென்று மண், சாம்பல், புகையிலை நிறங்களுக்கு மாறியிருந்தார்கள்.

"என்னடா இது, வயல்ல புரண்டு எழுந்து வந்தாப்பல!" என்று கியூமர்ஸ் கோட்டுக்குள்ளிருந்து முணுமுணுப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை, விடிய விடியப் பெய்த புதுப்பனி மேடை மீது மெத்தைபோலக் கிடந்தது. பெஹ்ரங் கோட்டைக் கியூமர்ஸிடம் விட்டுவிட்டுக் கீழே இறங்கி, மேடைக்குப் பின்புறம் பனியை அள்ளிக்கொண்டிருந்தான். மெத்தையில் இடித்த நாற்காலி சத்தம் போடவில்லை. அவன் மண்வாரியோடு மேலே வந்தபோது கியூமர்ஸ் மஞ்சளாக நின்றிருந்தார். கைகளைக் கட்டியிருந்தார். உதடு நீலம்.

"கோட்டு எங்கே?"

"போயிடுச்சு."

"எங்கே போயிடுச்சு?"

"ஒரு பய வந்தான். ரயானாம். ஜெர்மனியில வளந்ததாம். நான் கழட்டுறதுக்குள்ள பாத்துட்டான். 'உஸ்தாத், என்ன அழகான கோட்டு'ன்னான். வாய்ப்பழக்கத்துல 'உங்களுதுதான்'னேன். வாங்கி மாட்டிக்கிட்டுப் போயே போயிட்டான்!"

"மூணு தடவை மறுக்கலையா?"

"எங்கே மறுத்தான்? என்ன வளர்ப்போ!"

"என் கோட்டுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

கியூமர்ஸ் புண்பட்டவராகப் பார்த்தார். "குடுத்த வாயால எப்படிடா திருப்பிக் கேக்கறது? எனக்கு மானம் இல்லையா?"

"எனக்குக் குளிராதா?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டே நின்னேன்."

பெஹ்ரங் அதுவரை அந்த மேடையில் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. "அப்ப உங்க ஜெர்கினைக் கழட்டுங்க!"

"உன்னுதுதான்," என்றார் கியூமர்ஸ். இந்த முறை ஜிப் அடிவரை இறங்கியது.

அவன் ஒருமுறைகூட மறுக்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டான். காற்று நேராக விலா எலும்பில் வந்து உட்கார்ந்தது. துணியை இரண்டு விரல்களால் நிமிண்டிப் பார்த்தான். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே எதுவுமே இல்லை.

"பஞ்சு எங்கே, உஸ்தாத்?"

"மஹ்லகாகிட்ட சொல்லிப் பிரிச்சு எடுத்துட்டேன். பெண்டாட்டின்னா அந்த வேலையாவது செய்ய வேணாமா? இடுப்புல உப்பிக்கிட்டு நின்னுச்சு." மெல்லிய பனியனில் பற்கள் தந்தியடிக்க நின்றவர், ஓரடி பின்னால் போய் அவனை மேலும் கீழும் அளந்தார். "உனக்கு எடுப்பா இருக்குடா. எங்கே, ஒரு சுத்து சுத்து பாப்போம்."

அடுத்த நாற்காலி வருமுன் பெஹ்ரங் அதைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். அதோடு பேச்சு நின்றது.

மிச்சக் குளிர்காலத்தை அவன் இரண்டு ஸ்வெட்டர்களிலும் ஒரு கம்பளிப் போர்வையிலும் கழித்தான். போர்வை முனை நாற்காலியில் சிக்காமல் பார்க்கவே ஒரு கை வேண்டியிருந்தது. இருமல் வந்து நெஞ்சில் தங்கியது. கியூமர்ஸ் தகர அறைப் பக்கம் வருவதை விட்டுவிட்டு, மேடையின் மறுகோடியில் நின்றார். ஆள் இல்லாத நேரம் பார்த்து மூக்கைத் துடைத்துக்கொள்வார். இறங்குகிற முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், "அந்தத் தம்பி என்கிட்ட முகத்தைத் திருப்பிக்கிட்டு இருக்கு. கொஞ்சம் சமாதானம் சொல்லுங்க," என்று தூது விடுவார். சறுக்குப் பலகைகளை மாட்டிய கால்களோடு ஒரு பல் டாக்டரும், புதுமணத் தம்பதியும், ஒரு வங்கி மேலாளரும் வந்து சமாதானம் பேசினார்கள். பெஹ்ரங் தலைகுனிந்து, "சரிங்க, வழுக்கும், பாத்துப் போங்க," என்றான்.

வசந்தத்தில் வரும் ஈரானியப் புத்தாண்டு நெருங்கி, பனி ஈரமாகிக் கனத்துவிட்ட ஒரு பகலில் நாற்காலியிலிருந்து இறங்கியவரைப் பிடிக்கக் கை நீட்டியபோது, விரல்களில் அந்த ரோமம் பட்டது. இளைஞன் சிரித்து நன்றி சொன்னான். கோட்டைக் கழுவியிருந்தான்; கிரீஸ் வாடை இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அவன் கழற்றிக் கொடுக்க வேண்டிவரும், தான் மூன்று முறை மறுக்க வேண்டிவரும். பெஹ்ரங் நாக்கை அடக்கிக்கொண்டான்.

"கதகதப்பா இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

"சூளை மாதிரி! இதே இடத்துல ஒரு உஸ்தாத் குடுத்தார், மஞ்சள் போட்டுக்கிட்டு. மூணு தடவை வேண்டாம்னேன். நாலாவது தடவையும் சொன்னேன், 'உங்களுக்குக் குளிருமே'ன்னு. சரி, இருக்கட்டும்னு அவரும் கோட்டைத் திரும்ப மாட்டிக்கப் போனார். அப்பதான் எங்க அக்கா உள்ளே இருந்த ஜெர்கினைப் பாத்துட்டு, 'ஐயோ, என்ன அழகு மஞ்சள், இதைப் போயா மூடி வச்சிருக்கீங்க'ன்னா. அவ்வளவுதான். கோட்டை என் தோள்ல போட்டு அவரே பொத்தான் மாட்ட ஆரம்பிச்சுட்டார். விரலெல்லாம் விறைச்சுப் போய், ஒண்ணுகூட ஓட்டையில நுழையலை. நான் போட்டுக்கறேன்னாலும் விடலை. கழுத்துப் பொத்தான் வரைக்கும் மாட்டிட்டுத்தான் விட்டார்."