இரண்டாம் தரம் கேட்காத மாப்பிள்ளை

எட்டு வயதில் என் சித்தியைக் காட்டிக்கொடுத்தேன். கூலியாகக் காலால் உந்தி ஓடும் ஒரு ஸ்கூட்டர் பேசப்பட்டிருந்தது. இதில் எனக்கு இன்றுவரை பெரிய வெட்கம் ஒன்றும் இல்லை. அந்த வயதில் ஸ்கூட்டர் கிடைக்கும் என்றால் யாரையும் காட்டிக்கொடுத்திருப்பேன்.

சித்தி அம்மாவின் தங்கை. லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் எங்களோடுதான் இருந்தார். பகலில் மருந்துக்கடையில் வேலை, மாலையில் பரீட்சைக்குப் படிப்பு. அவருக்கு இருபத்தேழு வயதாகிவிட்டது என்பது அவரைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் கவலை. இப்போது கலியாணம் வேண்டாம், பரீட்சை முடியட்டும் என்று சித்தி எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். அம்மா அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிள்ளை வெட்கப்படுகிறாள் என்று தொலைபேசியில் மற்றவர்களுக்கு அறிவிப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஒரு மாப்பிள்ளைப் பேச்சு வந்தது. கணினி வேலை, சொந்த வீடு, ஒரே பிள்ளை. சித்தி தன் படத்தைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டதால், பெரியவர்கள் எங்கள் ஆட்களுக்குக் கைவந்த வழியில் இறங்கினார்கள். பெண்ணுக்குச் சொல்லாமலே பெண் பார்ப்பது. ஊரில் என்றால் கோயில் வீதி. லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்க் கடை. மாப்பிள்ளை வீட்டார் மரக்கறி வாங்குகிறவர்கள்போல வருவார்கள். மாப்பிள்ளை பார்த்துத் தலையாட்டினால் காரியம் முடிந்தது, அடுத்த வேலை மண்டபம் தேடுவதுதான். சித்தியின் தலையைப் பற்றி யாரும் பேசவில்லை.

கடை முழுக்கப் பெண்கள் நிற்பார்களே, எவர் சித்தி என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் நான். சிவப்புக் கோட் போட்ட சின்னப்பிள்ளை யாருடைய கையைப் பிடித்திருக்கிறதோ, அவர்தான் பெண். அம்மா தலையிடி என்று படுத்துக்கொண்டு, மீன் வாங்கிவர எங்கள் இருவரையும் அனுப்பினார். ஜூன் மாதம், நல்ல வெயில். கோட் எதற்கு என்று சித்தி கேட்டார். குளிருது என்றேன், மூக்கு நுனியில் வியர்வையோடு.

மீனுக்கு வரிசையில் நின்றோம். கத்தரிக்காய்ப் பெட்டியருகே பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா ஒரே கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் உயரமான ஒருவர் தன் சப்பாத்தைப் பார்த்தபடி நின்றார். எனக்குக் கோபமாக வந்தது. நான் இவ்வளவு வேர்த்து விறுவிறுத்து நிற்கிறேன், இந்த மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்கூட்டர் கைநழுவிப் போய்விடும் என்று பயந்து, சித்தியின் கையை என்னால் முடிந்தவரை மேலே தூக்கிக் காட்டினேன்.

அந்த மனிதர் தாயை அங்கேயே விட்டுவிட்டு நேரே எங்களிடம் வந்தார். தன் அம்மாவும் தானும் தோர்ண்டன் ஹீத்திலிருந்து வருவதாகச் சொன்னார். அங்கே கத்தரிக்காய் கிடைப்பதில்லையோ என்று சித்தி கேட்டார். சித்திக்கு அப்போதே ஓரளவு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

"உங்களைப் பாக்கத்தான் வந்தனாங்கள். உங்களுக்குத் தெரியுமெண்டு எனக்குச் சொன்னவை. தெரியுமோ?"

"தெரியாது," என்ற சித்தி என் கையை விட்டுவிட்டார்.

மாப்பிள்ளையின் முகம் கறுத்துப்போனது. மன்னிப்புக் கேட்டார். பிறகு, ஒருநாள் எங்காவது இருந்து கதைக்கச் சித்திக்கு விருப்பமா என்றும், இல்லையென்றால் தயங்காமல் சொல்லலாம் என்றும் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் மீனை மறந்துபோனார்கள். வெட்டுகிறவர்கூடக் கத்தியை வைத்துவிட்டார்.

"எனக்கு விருப்பமில்லை."

"ஓம், சரி," என்றார் அவர்.

அவ்வளவுதான். தாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வருவார், இன்னொரு தரம் கேட்பார் என்று நிச்சயமாக நம்பினேன். எனக்குத் தெரிந்த உலகத்தில், வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் பேச்சே தொடங்கும். சோறு வேண்டாம் என்றாலும் இன்னொரு அகப்பை வந்து விழும். அவர் வரவேயில்லை. பஸ்ஸில் சித்தி சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். நல்ல மாப்பிள்ளை போய்விட்டாரே என்று அழுகிறார் என நினைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் ஏசவில்லை. கோட்டைக் கழற்றிவிட்டார்.

சித்தி பரீட்சையில் தேறி, சில வருடங்கள் கழித்துத் தனக்குப் பிடித்த வேறொருவரைக் கட்டினார். எனக்கு இப்போது முப்பது வயதாகப் போகிறது. கைத்தொலைபேசியில் ஆண்களைப் பார்த்து, பிடித்தால் சந்திக்கிறேன். தேநீருக்கு யார் காசு கொடுக்கிறார், கதவை யார் திறந்துவிடுகிறார் என்பதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை. நான் ஒன்றை வேண்டாம் என்றதும் அந்த முகம் என்ன செய்கிறது என்றுதான் பார்ப்பேன். போன மாதம் கிங்ஸ்பரியில் ஒருவர், நான் வேண்டாம் என்று சொன்னதை நானே உண்மையில் நினைக்கவில்லை என்று எனக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார். பாதிக் கோப்பியோடு எழுந்து வந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் கடையிலிருந்து வீட்டுக்கு வருமுன் செய்தி வந்துவிட்டது. அம்மாவின் தலையிடியும் போயிருந்தது. இனிமேல் தன்னைக் கேட்காமல் யாருக்கும் தன்னைக் காட்டக்கூடாது என்று சித்தி ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுப் படிக்கப் போனார். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். நடந்ததைக் கேட்டதும் அவருக்குச் சித்தி மேல் கோபம் வரவில்லை, மாப்பிள்ளை மேல்தான் வந்தது.

"ஒரு சொல்லோட திரும்பிப் போறவன் என்ன ஆம்பிளை?"

அம்மாவும் அதைத்தான் சொன்னார். பழைய நாட்களில் அப்பா சைக்கிளில் தங்கள் ஊர் வீட்டு ஒழுங்கையைச் சுற்றிச் சுற்றி வந்த கதையை அம்மா எனக்கு மறுபடியும் சொல்லத் தொடங்கினார். நகையை எடுத்துக் காட்டுகிற முகம் அம்மாவுக்கு.

"நான் மூண்டு தரம் வேண்டாமெண்டு சொன்னனான். உன்ர அப்பா விட்டவரோ?"

அப்பா சோற்றுக் கோப்பையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் அதில் ஒரு இடம் விடுபட்டிருப்பதாக அன்றைக்குத்தான் தோன்றியது.

"அப்ப எப்ப ஓமெண்டு சொன்னீங்கள், அம்மா?"

அம்மா சொல்ல வாயெடுத்தார். பிறகு அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். அப்பா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அது… அதுக்குள்ள கலியாணத்துக்கு நாள் வச்சிட்டினம்," என்றார் அம்மா.

இவ்வளவு பெரிய விஷயத்தை ஒருவர் எப்படி மறக்க முடியும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஞாபகம் வந்ததும் சொல்லச் சொன்னேன்.